மடைப்பள்ளியில் படியும் தராசும்

திருக்கோயிலுக்கு வருகின்ற மெய்யன்பர்களின் பார்வை முதலில் கோபுரத்தின்மீதும், பின்னர்க் கருவறையின் தீபவொளியின்மீதும் படிகின்றது. மடைப்பள்ளியின் வாயிலை எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பழைய ஆலயம் ஒன்றின் மடைப்பள்ளிக்குள் நுழைந்தால், மேல்தட்டில் வாய் தேய்ந்த பித்தளைப் படியும் உழக்கும் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதையும், அதன் கீழேயே மின்தராசு ஒன்று எண்களைக் காட்டிக்கொண்டிருப்பதையும் காணலாம். திருவிழா நெருங்கும்போது இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழக்கு எழுவது வாடிக்கை. மூத்த பரிசாரகர் "சர்க்கரைப் பொங்கலுக்குப் பத்துப் படி அரிசி" என்பார். பொருளாளரின் கையிலுள்ள கடைச் சீட்டோ கிலோகிராமில் பேசும். "ஒரு படி என்பது எத்தனை கிலோ?" என்று கேட்டால், ஒன்று என்பார் ஒருவர், ஒன்றேகால் என்பார் மற்றவர், ஒன்றரை என்று வாதிடுவோரும் உண்டு. கேள்வி ஒரு வரிதான். அதற்கான விடையோ ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சுமந்து நிற்கின்றது.

தமிழர் தானியத்தை நிறுத்தவில்லை, அளந்தனர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்று அந்த வாய்ப்பாடு ஏறிச் செல்லும். நாழியே பிற்காலத்தில் படி என்று வழங்கலாயிற்று. குறுணிக்கு மரக்கால் என்ற பெயரும் உண்டு. கலம் ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு நாழி. பாதி, பாதியின் பாதி என்று இறங்கும் இந்த அளவுமுறையில் எழுத்தறியாத ஒருவரும் பிழையின்றிப் பங்கிட முடியும் என்பதே அதன் சிறப்பு. களத்து மேட்டில் ஆயிரம் கலம் நெல்லைத் தராசிலேற்றி நிறுப்பது எங்ஙனம்? மரக்காலை முக்கி முக்கி எடுத்துக் கொட்டுவதற்கு இரு கைகள் போதும்.

எனினும் எல்லாப் பொருளையும் படியால் அளந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. பாண்டியர், சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளில் திருவமுதுக்கான நிவந்தங்களைப் படிப்போர் ஒரு நுட்பத்தைக் கவனிக்கலாம். அரிசி, பருப்பு, நெய், தயிர் ஆகியவை நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று முகத்தலளவையில் வருகின்றன. காயம் எனப்படும் மிளகு, சீரகம் முதலியவை செவிடு போன்ற சிற்றளவைகளில் வருகின்றன. ஆனால் சர்க்கரை, பலம் என்னும் நிறுத்தலளவையில் வருகின்றது. காய்கறிகளும் சில கல்வெட்டுகளில் பலக் கணக்கிலேயே குறிக்கப்பட்டுள்ளன. வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு ஆகியவற்றுக்கோ எண்ணிக்கைதான். கட்டியாக இருக்கும் வெல்லத்தைப் படியில் இட்டால் இடைவெளி எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகையால் அது தராசுக்குப் போயிற்று. பொருளின் இயல்பறிந்து அளவையைத் தேர்ந்த இந்த அறிவு, இன்று எல்லாவற்றுக்கும் ஒரே குவளையை நீட்டும் சமையற் குறிப்புகளில் காணக் கிடைப்பதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் இவ்வகையில் தனியே குறிப்பிடத்தக்கது. 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டுகளில் இராசராச சோழன் நெல் அளப்பதற்குக் குறிப்பிடும் மரக்காலின் பெயர் 'ஆடவல்லான்'. அது 'இராசகேசரி' என்னும் மரக்காலோடு ஒத்தது என்ற விளக்கமும் அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளது. பொன்னை நிறுத்த கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். மணிகள் பதித்த அணிகலன்களை நிறுக்கத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் வேறொரு கல் இருந்தது. தில்லைக் கூத்தனின் திருப்பெயரை ஓர் அளவுக் கருவிக்குச் சூட்டியதைப் பக்தி என்று மட்டும் கொள்வது முழுமையன்று. மரக்கால் என்று வெறுமனே எழுதினால் எந்த மரக்கால் என்ற கேள்வி எழும் என்பதை அந்தக் கணக்கர்கள் அறிந்திருந்தனர். பிற ஊர்க் கல்வெட்டுகளில் 'அருமொழிதேவன்' என்ற மரக்காலும் பேசப்படுகின்றது. ஆக, மரக்கால் ஒன்றன்று, பல. பெயரிட்டு, இன்னொன்றுடன் ஒப்பிட்டு, கல்லிலும் வெட்டி வைத்த பின்னரே கொடையாளி மனநிறைவு கொண்டான்.

அக்கல்வெட்டுகளில் காணப்படும் மற்றொரு கணக்கு 'ஐஞ்சிரண்டு' என்பது. ஐந்து பங்கு நெல்லைக் குற்றினால் இரண்டு பங்கு அரிசி என்று அதற்குப் பொருள். இன்றைய கண்ணோடு பார்ப்பவருக்கு இது வியப்பளிக்கும். நூற்றுக்கு நாற்பதுதானா அரிசி, மீதி அறுபதும் எங்கே போயிற்று என்று ஐயுறத் தோன்றும். ஆனால் இது முகத்தலளவைக் கணக்கு. உமியோடு கூடிய நெல் காற்றிடைவெளி மிகுந்தது. ஒரு லிட்டர் நெல்லின் எடை ஏறத்தாழ 570 கிராம்தான். அரிசியோ ஒரு லிட்டர் ஏறத்தாழ 820 கிராம் நிற்கும். ஐந்து லிட்டர் நெல் 2.85 கிலோ, இரண்டு லிட்டர் அரிசி 1.64 கிலோ. எடைக்கணக்கில் மாற்றிப் பார்த்தால் நூற்றுக்கு ஐம்பத்தேழுக்கு மேல் வருகின்றது. இன்றைய ஆலைகள் எடையில் நூற்றுக்கு அறுபத்தைந்து அளவில் அரிசி எடுக்கின்றன. உலக்கையால் குற்றி, புடைத்து, நொய் நீக்கி, இறைவன் திருவமுதுக்கென்று முழு அரிசியாகப் பொறுக்கியெடுத்த காலத்துக்கு ஐம்பத்தேழு என்பது நேர்மையான கணக்கே. அளவையை மாற்றாமல் எண்ணை மட்டும் படித்தால், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கோயில் ஊழியர்கள்மீது வீண்பழி சுமத்த நேரிடும்.

படியளவில் இன்னொரு சிக்கலும் உண்டு. படியின் விளிம்போடு கோலால் வழித்துத் தலைதட்டி அளப்பது ஒரு முறை. கோபுரம்போல் குவித்து அளப்பது இன்னொரு முறை. குவியலில் எவ்வளவு நிற்கும் என்பது படியின் வாயகலத்தைப் பொறுத்தது. ஒரே கொள்ளளவுடைய இரு படிகளில் வாய் அகன்ற படி கூடுதலாகக் கொடுக்கும். உயரத்திலிருந்து கொட்டினால் தானியம் இறுகும். மெல்ல அள்ளினால் நெகிழ்ந்து நிற்கும். வாங்கும்போது ஒரு கை, விற்கும்போது ஒரு கை என்று வணிகரைப் பழிக்கும் பேச்சு இதனால்தான் எழுந்தது. இது தமிழகத்துக்கு மட்டும் உரிய தொல்லையும் அன்று. பிரிட்டனிலும் குவித்தளக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1835ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால்தான் அது ஒழிக்கப்பட்டது.

படியின் அளவே ஊருக்கு ஊர் வேறுபட்டது. பெரிய படி, சின்னப் படி, பட்டணம் படி என்று பெயர்கள் வழங்கின. பழைய கணக்குநூல்கள் இத்தொல்லையைத் தீர்க்கத் தானியத்தையே சாட்சிக்கு அழைத்தன: ஒரு படிக்கு இத்தனை நெல், இத்தனை பயறு, இத்தனை எள் என்று எண்ணிக்கை கூறின. படிக்கு 14,400 நெல் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. ஆயிரம் நெல்மணி இருபது முதல் இருபத்தைந்து கிராம் நிற்கும் என்று கொண்டால், அந்தப் படி நெல்லின் எடை 290 முதல் 360 கிராம் வரைதான். இன்றைய அளவைப் பட்டியல்களில் படி என்பது 1.344 லிட்டர் என்று காட்டப்படுகின்றது. அதில் நெல்லை நிரப்பினால் எழுநூறு கிராமுக்கு மேல் வரும். இரண்டும் படிதான்; ஒன்று மற்றொன்றில் பாதிகூட இல்லை.

இத்தகைய படியைத்தான் நம் முன்னோர் கப்பலேற்றிக் கொண்டுவந்தனர். சிங்கப்பூரில் மாரியம்மன் ஆலயம் 1827ஆம் ஆண்டிலும், கோலாலம்பூரில் மகா மாரியம்மன் ஆலயம் 1873ஆம் ஆண்டிலும் தோன்றின. அக்காலத்து மலாயாச் சந்தையில் படி இல்லை. அங்கே காந்தாங் இருந்தது; அதில் நான்கிலொரு பங்கான சுப்பாக் இருந்தது. எடைக்குத் தாஹிலும் காத்தியும் பிக்குலும் இருந்தன. பதினாறு தாஹில் ஒரு காத்தி. நூறு காத்தி ஒரு பிக்குல். ஆங்கிலேயர் ஆட்சி காந்தாங்கைத் தன் கேலனோடு சமப்படுத்தியது. அந்தக் கேலனோ பத்து இராத்தல் தண்ணீர் கொள்ளும் அளவு என்று 1824ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரையறுக்கப்பட்டது. முகத்தலளவையின் வேர் எடையில் ஊன்றப்பட்டதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மடைப்பள்ளிச் சிக்கலுக்கும் விடை இதிலேதான் இருக்கின்றது.

இந்தக் கணக்கின்படி காந்தாங் 4.546 லிட்டர், சுப்பாக் 1.136 லிட்டர். ஒரு காந்தாங் அரிசி ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ, அதாவது ஆறு காத்திக்குச் சற்று மேல். சுப்பாக் கண்ணுக்குப் படியைப்போலவே தோன்றும். ஆனால் 1.344 லிட்டர்ப் படிக்கு மாற்றாகச் சுப்பாக்கை வைத்தால் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைந்துவிடும். எடையில் இந்தக் குழப்பம் அவ்வளவாக இல்லை. சென்னைப் பலம் ஏறத்தாழ 35 கிராம். தாஹில் 38 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெல்லத்தைப் பலத்தில் அறிந்தவர் தாஹிலில் வாங்குவதற்குப் பெரிதும் தடுமாறியிருக்க வேண்டியதில்லை. கடல் கடந்தபோது தடுமாறியது படிதான்.

தோட்டப்புறங்களில் இதற்கு மக்களே ஒரு தீர்வு கண்டனர். கெட்டிப்பால் டின் காலியானதும் வீட்டின் அரிசிப் பானைக்குள் போய் அமர்ந்தது. "இன்றைக்கு எத்தனை டின் போடுவது?" என்ற கேள்வியைக் கேட்டு வளராத தோட்டத்துப் பிள்ளை இருக்க முடியாது. ஏழை எளியோரின் கைக்கு எட்டிய இந்த டின், மரக்காலைவிடவும் ஒழுங்கான அளவையாக விளங்கியது என்று சொன்னால் மிகையாகாது. எல்லா வீட்டிலும் ஒரே ஆலையின் வார்ப்பு. பதினான்கு அவுன்சு, அதாவது 397 கிராம் கெட்டிப்பால் கொண்ட டின்னின் கொள்ளளவு ஏறத்தாழ 300 மில்லிலிட்டர். அரிசியால் நிரப்பினால் 250 கிராம். நான்கு டின் ஒரு கிலோ என்ற கணக்கு இப்படித்தான் பொருந்தி வந்தது. ஆனால் 500 கிராம் டின்கள் கடைகளுக்கு வந்தபின் இதுவும் பிசகியது. பாட்டி சொன்ன 'டின்' எந்த டின் என்று இப்போது கேட்கவேண்டியுள்ளது.

மெட்ரிக் முறை மூன்று நாடுகளிலும் அடுத்தடுத்து வந்தது. இந்தியா 1956ஆம் ஆண்டில் சட்டமியற்றி, 1958 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. சிங்கப்பூர் 1970ஆம் ஆண்டில் தனி வாரியம் அமைத்தது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் வந்தது. காத்தி மட்டும் எளிதில் விடைபெறவில்லை. 600 கிராம் என்ற உருவில் சந்தைகளில் நீண்ட நாள் உலவியது. தமிழகத்திலோ படி என்ற சொல் நிலைத்து, 'லிட்டர்ப் படி' என்ற புதிய கருவி தோன்றியது. இதனால் அங்கிருந்து ஒப்பந்தத்தில் இங்கு வரும் பரிசாரகர் 'படி' என்று சொல்வதும், இங்குள்ள மூதாட்டி 'படி' என்று சொல்வதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒன்று 820 கிராம் அரிசி. மற்றொன்று 1,100 கிராம்.

இந்த வேறுபாடு ஒரு வீட்டுச் சமையலில் பெரிதாகத் தெரியாது. அன்னதானத்தில் தெரியும். ஐம்பது படி அரிசி என்று பெரியவர் சொன்னதைப் படிக்கு ஒரு கிலோ என்று மாற்றி ஐம்பது கிலோ வாங்கினால், 1.344 லிட்டர்ப் படிக்கு ஐந்து கிலோ குறைகின்றது. ஆளுக்கு நூறு கிராம் அரிசி என்று கொண்டால் ஐம்பது பேர் இலைமுன் அமர்ந்து காத்திருக்க நேரிடும். லிட்டர்ப் படியை மனத்தில் கொண்டு சொன்னவருக்கு ஐம்பது கிலோ வாங்கிக் கொடுத்தால், ஒன்பது கிலோ அரிசிச் சோறு மீந்து போகும். பசித்து வந்த அடியார் திரும்பிப் போவதும் குற்றம். திருவமுது வீணாவதும் குற்றம்.

அரிசிக்குக் கண்ட எண்ணைப் பிற பொருளுக்கும் நீட்டுவது அடுத்த பிழை. ஒவ்வொரு பொருளும் ஒரு படிக்கு ஒவ்வோர் எடை நிற்கும். அதே 1.344 லிட்டர்ப் படியில் உருக்கிய நெய் 1.22 கிலோ, பால் 1.38 கிலோ; சீனி 1.14 கிலோ; மாவு முக்கால் கிலோவுக்குள்; தேனோ ஏறத்தாழ 1.9 கிலோ. அபிடேகத்துக்கு ஒரு படி தேன் என்றிருக்கும் பழைய குறிப்பை ஒரு கிலோ தேன் என்று எழுதிவிட்டால் பாதியளவே வந்து சேரும். வெல்லத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டா. உடைத்த கட்டிக்கும் பொடித்த தூளுக்கும் படியில் பெருவேறுபாடு. நம் முன்னோர் அதைப் பலத்தில் நிறுத்ததன் காரணம் இப்போது நன்கு விளங்கும்.

எல்லாவற்றினும் மறைவாக நின்று தொல்லை தருவது தண்ணீர்க் கணக்கு. 'அரிசி ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று' என்பது படிக்குப் படி சொன்ன விகிதம். அரிசியைக் கிலோவிலும் தண்ணீரை லிட்டரிலும் அளக்கத் தொடங்கியவர் ஒரு கிலோவுக்கு மூன்று லிட்டர் ஊற்றுவார். ஆனால் ஒரு கிலோ அரிசி 1.22 லிட்டர் இடம் கொள்வது. பழைய விகிதப்படி அதற்கு மூன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும். ஐம்பது கிலோ அரிசிக்கு முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் குறைகின்றது. பொங்கல் இறுகி, அடிப்பிடித்து, "இவ்வாண்டு அரிசி சரியில்லை" என்று கடைக்காரர்மீது பழி விழும். குற்றம் அரிசியினுடையதன்று, கணக்கினுடையது.

பெருமளவில் சமைக்கும் தலங்கள் இதனை முன்னரே உணர்ந்துகொண்டன. திருமலை திருப்பதி லட்டுப் பிரசாதத்துக்கான பொருள் அளவுப் பட்டியலை 'திட்டம்' என்று வழங்குவர். 2001ஆம் ஆண்டு திருத்தப்பட்டதாக வெளிவந்த அப்பட்டியலின்படி 5,100 லட்டுக்குக் கடலைமாவு 180 கிலோ, நெய் 165 கிலோ, சீனி 400 கிலோ, முந்திரி 30 கிலோ, உலர்திராட்சை 16 கிலோ, கற்கண்டு 8 கிலோ, ஏலக்காய் 4 கிலோ. ஆக மொத்தம் 803 கிலோ. நெய்கூட எடையில்தான். கோடையில் உருகியும் குளிரில் உறைந்தும் நிற்கும் நெய்க்கு லிட்டர் மாறும், கிலோ மாறாது. ஒவ்வொரு பொருளின் வரவையும் செலவையும் ஒரே நெடுவரிசையில் கூட்டிப் பார்க்க முடிவது கணக்கருக்குக் கிடைத்த கூடுதல் நன்மை. உபயகாரர் கொடுத்த நெய் உள்ளே வந்ததா, பிரசாதத்தில் சேர்ந்ததா என்ற கேள்விக்கு அந்த நெடுவரிசை விடை சொல்லும்.

ஆயினும் எடையும் முழு நிறைவானதன்று. ஈரம் ஏறிய அரிசி தராசில் கூடுதலாக நிற்கும். உண்போர் வயிற்றில் நில்லாது. பழைய அரிசி புதிய அரிசியைவிடக் கூடுதலாகத் தண்ணீர் வாங்கிப் பெருகும். அந்தப் பெருக்கத்தைத் தராசு காட்டாது. அங்கே பரிசாரகரின் கண்ணும் கையும்தான் அளவை.

ஆகையால் படியைக் கிலோவுக்கு மாற்ற விரும்பும் ஆலயம் அச்சிட்ட பட்டியல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தன்னுடைய படியையே கேட்கவேண்டும். காலிப் படியை மின்தராசில் வைத்து எடை குறித்துக்கொள்க. பின்னர் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மீண்டும் நிறுத்திடுக. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர் அப்படியின் கொள்ளளவு. நெளிந்த படியும் தேய்ந்த படியும் இச்சோதனையில் தம் உண்மையைச் சொல்லிவிடும். அதன்பின் படியைத் துடைத்து உலர்த்தி, மூத்த பரிசாரகரைக்கொண்டே அரிசியை அளக்கச் செய்யவேண்டும். அவர் தலைதட்டுகின்றாரா, குவிக்கின்றாரா என்பதே இங்கு முதன்மை. மூன்று முறை நிறுத்துச் சராசரி காண்க. பருப்பு, நெய், சீனி, மாவு, உப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே இவ்வாறு செய்து முடிக்க ஒரு முற்பகல் போதும். தண்ணீர்க் கணக்கை மட்டும் கிலோவுக்கு இத்தனை லிட்டர் என்று புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதி, எந்தப் படியால், யாருடைய கையால், எந்த நாளில் அளந்தது என்பதையும் குறித்து மடைப்பள்ளிச் சுவரில் ஒட்டி வைக்கலாம். 'ஆடவல்லான் என்னும் மரக்கால்' என்று தஞ்சையில் வெட்டி வைத்ததும் இத்தகைய குறிப்புத்தானே!

இந்த வேலைக்குக் காலம் நிறைய இருப்பதாகத் தோன்றவில்லை. 'ஒரு படிக்குக் கைநிறைய முந்திரி' என்று நினைவிலிருந்து சொல்லும் தலைமுறை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றது. அவர்கள் மறைந்தபின் படி மட்டும் தட்டில் இருக்கும். அதைக் குவித்தார்களா, வழித்தார்களா என்று சொல்ல எவரும் இருக்கமாட்டார்.

தராசு வந்துவிட்டதனால் படிக்கு வேலையில்லை என்பதும் இல்லை. திருமணத்திலும் திருவிழாவிலும் நிறைநாழி வைக்க அதுவே வேண்டும். ஒரு கிலோ பொட்டலம் அந்த இடத்தில் நில்லாது. களத்தில் நெல் அளந்தோர் முதற்படியை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்றே தொடங்குவது வழக்கம். பத்துக் கிலோ அரிசி மூட்டையைப் பிரித்து அண்டாவில் கொட்டுமுன், முதற்படியை மட்டும் அந்தப் பழைய பித்தளைப் படியால் அளந்து 'லாபம்' என்று போட்டுவிட்டு, மீதியைத் தராசில் வைப்பதற்குத் தடையேதும் இல்லை. அந்த முதற்படி 1,100 கிராம் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.